மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள்

மில்லிக்கன், ரொறன்ரோ
8 ஜூன் 1986

அன்புத் தங்கச்சி கனகாம்பிகைக்கு,

அண்ணன் மாமாங்கம் எழுதுவது. நீயும் மச்சான் குஞ்சித்தம்பியும் பிள்ளைகளும் தம்பி அன்புராசாவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். என் சுகத்தை விசாரித்திருந்தாய். நெஞ்சுவலி வந்து தொழிற்சாலையிலிருந்தே என்னைத் தூக்கிக்கொண்டு போனதை உன் மச்சாள் கோணேஸ்வரி எழுதியிருப்பாள். இப்போது எழும்பி நடக்கிறேன். பாரம் தூக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டொக்டர் சொல்கிறார். கோபப்படாமல் எப்படி வீட்டில் இருப்பது என்று அவரிடம் கேட்கச் சொன்னேன். இதையெல்லாம் மொழிபெயர்க்க மாட்டேன் என்று கோணேஸ் சொல்லிவிட்டாள்.

தம்பிக்கும் புனிதவதிக்கும் தையில் கலியாணம் என்று படித்ததும் பாதி வருத்தம் போய்விட்டது. ஐயா செத்தபோது அவன் பால்குடி. என் தோளில் வளர்ந்தவன். ஒரு விசயம்தான் மனதைக் குடைகிறது. இப்போது அங்கே ஒருவரும் கார் வெளியே எடுப்பதில்லை, மாப்பிள்ளைமார் பெண்வீட்டுக்குச் சைக்கிளில்தான் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். என் தம்பி இரவல் சைக்கிளில் போய்ப் பெண்வீட்டுப் படலையில் இறங்குவதா?

போன சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றார். அதற்குள் நின்றது ஒரு சைக்கிள். இங்கிலாந்தில் செய்தது, ஐயாவுக்கும் மூத்தது. கறள் பிடித்திருந்தாலும் சட்டம் அசையாது. இதுதான் தம்பிக்கு என் கலியாணப் பரிசு. காருக்கே வெட்கம் வருகிற மாதிரிச் சோடித்துக் கப்பலில் அனுப்புவேன். அவனிடம் சொல்.

எல்லாருக்கும் என் ஆசீர்வாதம்.

அண்ணன்,
மாமாங்கம்


கல்லடி, மட்டக்களப்பு
14 ஜூலை 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி கனகா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் நெஞ்சைப் பற்றித்தான் கவலை. மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள், மச்சாளின் சொல்லைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிலில் பள்ளிக்கூடக் கொப்பிகளைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அண்ணன் சைக்கிளைச் சோடிக்கிறதோட நிப்பாட்டுவாரா, என்னையும் சேர்த்துச் சோடிப்பாரா? கணக்கு வாத்தி காவடி மாதிரிப் போனா நாளைக்குப் பொடியன்கள் மதிப்பாங்களா?" என்றான். இப்படிச் சொன்னவன்தான் மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். புனிதவதியின் காதுக்கும் போய்விட்டது. பின் கரியர் அகலமாக இருக்க வேணுமாம், சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆள் லேசுப்பட்டவள் இல்லை.

நேரம் சரியில்லாத காலம், அண்ணன். அந்தி பட்டால் படலையைச் சாத்திவிடுகிறோம். தை நல்லபடி வர வேணும்.

வணக்கத்துடன்,
கனகா


மில்லிக்கன்
20 ஆகஸ்ட் 1986

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். இங்கே நானும் கோணேசும் இருக்கிறபடி இருக்கிறோம். மாதக் கணக்காகக் கறள் சுரண்டி, இப்போதுதான் சைக்கிளின் முகம் தெரிகிறது. எங்கள் பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே இருக்கிற வீட்டுக்காரர் வந்து பார்த்து, "யாருக்கு இது, ராசாவுக்கா?" என்று கேட்டார். ராசாவுக்குத்தான் என்றேன்.

ஒரு வேலை செய். தம்பியைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, கவட்டிலிருந்து குதிக்கால் வரை நூல் பிடித்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. சைக்கிள் சீற்றின் உயரத்தைச் சரியாக வைக்க வேண்டும். கலியாணத்தன்று கால் எட்டாமல் தத்தளித்தால் எனக்குத்தான் மானக்கேடு.

அவனை ஒரு கடிதம் எழுதச் சொல். கணக்கு வாத்தியாருக்குத் தமிழும் தெரியும்தானே?

அண்ணன்,
மாமாங்கம்


கல்லடி
22 செப்டெம்பர் 1986

அன்பின் மச்சாள் கோணேஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்கு அனுப்பாமல், உங்களோடு வேலை செய்யும் பேபியின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அண்ணன் கையில் முதலில் கிடைக்கக் கூடாது. இருந்துகொண்டு படியுங்கள்.

எங்கள் தம்பி அன்புராசா இல்லை, மச்சாள். பத்தாம் தேதி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலத்தடியில் வெடி. யார், ஏன் என்று கடிதத்தில் எழுத முடியாது. அந்த நேரம் அந்த வழியால் வந்ததைத் தவிர அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. உடலைத் தந்தார்கள். ஐயாவும் இல்லை, அண்ணனும் இல்லை. சின்னையாவின் மகன் கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது.

அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தொலைபேசி இருந்த கடையும் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருந்தாலும் என்னால் வாயால் சொல்ல முடியாது. நீங்கள் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

கனகாம்பிகை


ரொறன்ரோ
12 ஒக்டோபர் 1986

அன்புள்ள மச்சாள்,

உங்களுக்கு ஆறுதல் எழுதத் தெரியவில்லை. வேலைத்தலத்தின் கழிப்பறைக்குள் வைத்துப் படித்தேன். பேபிதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் தலை முழுகிவிட்டுப் போனேன். "என்ன இந்தக் குளிருக்குள் தலை முழுகியிருக்கிறாய்?" என்று உங்கள் அண்ணன் கேட்டார். வேலையில் தூசி என்றேன்.

மச்சாள், நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். செப்டெம்பரில் அவருக்குத் திரும்பவும் வலி வந்து ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். உங்களைப் பயப்படுத்தக் கூடாதென்று எழுதவில்லை. இன்னொரு அதிர்ச்சியை இந்த இருதயம் தாங்காது என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்த மனுசன் முதல் வேலையாக அந்தச் சைக்கிளிடம்தான் போனார். அதோடு இருக்கும்போது மட்டும்தான் அவர் முகத்தில் உயிர் இருக்கிறது. இப்போது சொன்னால் ஒரு வீட்டில் இரண்டு சாவு.

கொஞ்சக் காலம்தான். உடம்பு தேறட்டும். அதுவரை முன்போலவே எழுதுங்கள். தம்பி சுகம் என்று ஒரு வரி போடுங்கள். பாவம் என் தலையில் இருக்கட்டும். இங்கே ஊர்ச் சனத்தில் அறிந்தவர்களிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

உங்கள் மச்சாள்,
கோணேஸ்வரி


கல்லடி
16 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் சுகம். தம்பி சுகம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

நாட்டு நிலைமையால் கலியாணத்தை ஆனிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனைக் காலம், வேலை கூட. அதனால்தான் எழுதவில்லை. நீங்கள் கேட்ட நூலை இதற்குள் வைத்திருக்கிறேன்.

கனகா


கல்லடி
16 நவம்பர் 1986

அன்பின் மச்சாள்,

நீங்கள் சொன்னபடி அண்ணனுக்கு எழுதி, இதோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன். நூல் கேட்டிருந்தாரே, அதை அனுப்பாவிட்டால் சந்தேகம் வரும். தம்பியின் நீளக் காற்சட்டை ஒன்று தோய்த்தபடி அலுமாரிக்குள் இருந்தது. அதை நிலத்தில் விரித்து அளந்தேன். இடையில் எழும்பி வெளியே போய்விட்டேன். இவர்தான் வந்து நூலை அறுத்துத் தந்தார்.

இனி இப்படி ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனகா


மில்லிக்கன்
18 ஜனவரி 1987

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் தைப் பொங்கல் வாழ்த்து. வாசலில் முழங்காலளவு பனி. நான் உள்ளே சுகமாக இருக்கிறேன். நூல் கிடைத்தது. சீற்றை அதே அளவுக்கு இறுக்கிவிட்டேன். பயலுக்கு என்ன நீளக் கால்!

சைக்கிள் முடிந்தது. படம் வைத்திருக்கிறேன், பார். சட்டத்துக்குச் சிவப்புப் பூசிப் பொன்னிறக் கோடு இழுத்திருக்கிறேன். இந்த ஊர்ச் சனம் நத்தார் முடிந்த கையோடு கிறிஸ்மஸ் மரத்தையும் சோடனையையும் தெருவில் வீசிவிடும். கோணேஸ் வெட்கப்பட்டு வீட்டுக்குள் நிற்க, நான் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பொறுக்கினேன். வெள்ளிச் சரிகை, கண்ணாடி உருண்டை, சின்னச் சின்ன மின்குமிழ் எல்லாம் அப்படி வந்தவைதான். ஹாண்டிலில் இரண்டு பக்கமும் குஞ்சம். சீற்றுக்கு நீல வெல்வெற் உறை. சில்லுக் கம்பிகளில் நிறநிறமாக மணி. முன் மட்காட்டில் நிற்கிற மயில், நத்தார் மரத்து நுனியில் இருந்த தகரத் தேவதை. சிறகை வெட்டித் தோகையாக்கினேன். கரியரைப் புனிதவதி கேட்டபடி அகலமாக்கி மெத்தை வைத்திருக்கிறேன்.

டைனமோவில் பூட்டியதால் பெடல் சுற்றினால் எல்லாக் குமிழும் எரியும். அஜின்கோர்ட், மார்க்கம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் பார்க்க வருகிறார்கள். லைற்றை அணைத்துவிட்டுக் கையால் பெடலைச் சுற்றிக் காட்டுவேன். "வடிவாயிருக்கண்ணை" என்று சொல்லிவிட்டு ஒருவரும் வேறொன்றும் பேசுவதில்லை. அப்படி மலைத்துப் போகிறார்கள்.

ஆனால் தம்பி ஒரு வரி எழுதவில்லை. என்னோடு கோபமா? பெண்வீட்டில் மனத்தாங்கலா? இயக்கம் கியக்கம் என்று போய்விட்டானா? எதுவென்றாலும் மறைக்காதே. இனியும் பதில் வராவிட்டால் அவனுடைய பள்ளிக்கூட அதிபருக்கே எழுதுவேன்.

அண்ணன்,
மாமாங்கம்


கல்லடி
22 பெப்ரவரி 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்களெல்லாரும் உங்கள் சுகத்தை நினைத்தபடி சுகமாக இருக்கிறோம். அதிபருக்கெல்லாம் எழுத வேண்டாம். தம்பிக்கு உங்களோடு என்ன கோபம்? எழுத உட்காருகிறான், என்ன எழுதுவதென்று வெட்கப்பட்டுக் கிழித்துப் போடுகிறான். உங்களுக்குத் தெரியாதா அவனை?

படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, மயிலோட போனா முருகன் இன்னொரு கலியாணத்துக்கு வந்திட்டார் எண்டு பொம்பிளைவீட்டார் கதவைச் சாத்திப்போடுவாங்க." சொல்லிவிட்டுப் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் காட்டாத ஆள் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. றால் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டான். உங்களைப் போலக் கொஞ்சம் தொந்தி வைக்கிறது. மாப்பிள்ளைச் சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்காரன் பகிடி பண்ணுகிறான். இப்போது பக்கத்து அறையில் படுத்திருக்கிறான். காற்று நல்லாய் வருகிறது. எழும்பியதும் தேத்தண்ணீர் கேட்பான். நான் அடுப்பு மூட்ட வேணும். இத்துடன் நிறுத்துகிறேன்.

கனகா


ரொறன்ரோ
5 ஏப்ரல் 1987

அன்புள்ள மச்சாள்,

உங்கள் எல்லாருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். உங்கள் பெப்ரவரிக் கடிதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஒரு வரிதான் கேட்டேன். நீங்கள் நிறைய எழுதிவிட்டீர்கள். சைக்கிள் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் உங்கள் அண்ணன் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறார். முருகன் பகிடியைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கிறார். விசயம் அறிந்த சனம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தி குசினிக்குள் வந்து, தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு நின்று அழுதாள்.

இனித் தள்ளிப்போட முடியாது. அடுத்த மாதம் டொக்டரைக் கண்டபின் நானே சொல்லிவிடுவேன். அதுவரை சுருக்கமாக எழுதுங்கள். உங்களுக்கு அங்கே என்ன நடக்கிறது, மச்சாள்? தையல்காரனைப் பற்றி ஏன் எழுதினீர்கள்? வாசித்து முடித்ததும் நானே ஒரு நிமிடம் தம்பி இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

கோணேஸ்வரி


மில்லிக்கன்
14 ஜூன் 1987

கனகாம்பிகைக்கு,

நீங்கள் யாவரும் சுகமா? உண்மையாகவே கேட்கிறேன். உண்மையையே எழுது.

மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்திருக்கிற செலீன் என்கிற ரீச்சரைப் போன ஞாயிற்றுக்கிழமை பேபி கூட்டிக்கொண்டு வந்தாள். சைக்கிளைப் பார்க்க ஆசைப்பட்டாளாம். வழமைபோல லைற்றை அணைத்தேன், பெடலைச் சுற்றினேன், குமிழெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளை கை தட்டினாள். "யாருக்கு அண்ணன் இவ்வளவு வடிவா?" என்றாள். கல்லடியில் என் தம்பி அன்புராசாவுக்கு, கணக்குப் படிப்பிக்கிறான் என்றேன்.

"எங்கட அன்புராசா சேரா? அண்ணன், நான் அவர்ர செத்த வீட்டுக்குப் போனனான்."

பேபி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அதைக் கண்டபோதுதான் பேபிக்கும் தெரியும் என்று எனக்கு விளங்கியது. திரும்பிக் கோணேசைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மருந்துக் குளிசைப் போத்தலைத் திறந்து கையில் வைத்திருந்தாள்.

நான் சாகவில்லை, கனகா. நீங்கள் எல்லாரும் சேர்ந்து காத்த இருதயம் நன்றாகத்தான் அடிக்கிறது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவனுக்கு எட்டுச் செலவு நடந்த நாளில் நான் இங்கே மீன் குழம்பு சாப்பிட்டிருப்பேன். முப்பத்தோராம் நாள் பொன் பூச்சு வாங்கக் கடை கடையாகத் திரிந்திருப்பேன். சாவுத் துடக்கோடு அந்த மட்காட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு ஒரு முழுக்குக்கூட முழுகவில்லை. வருசம் திரும்ப வருகிற ஆட்டைத் திவசத்தையாவது எனக்கு மிச்சம் வைத்திருக்கிறீர்களா? இந்த ஊரில் எத்தனை பேர் வந்து "வடிவாயிருக்கண்ணை" என்றார்கள்! செத்தவனுக்கு நான் சைக்கிள் சோடிப்பதை நின்று பார்த்துவிட்டு, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்திலும் இனி என்னால் விழிக்க முடியாது.

கோணேசோடு நான் கதைப்பதில்லை. சைக்கிளைப் படுக்கை விரிப்பால் மூடியிருக்கிறேன். கழற்றவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

உன் கடிதங்களைக் கிழித்துவிடச் சொல்லிக் கோணேஸ் பேபி மூலம் சொல்லியனுப்பினாள். நான் கிழிக்கவில்லை. எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். பொய்யென்று தெரிந்துதான் படித்தேன். றால் குழம்பு சாப்பிடுகிறான், பகிடி விடுகிறான், பக்கத்து அறையில் படுத்திருக்கிறான். அவன் செத்தது எனக்கு ஒரு வசனம்தான், கனகா. செலீன் சொன்ன ஒரே வசனம். அவன் இருப்பதை நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு கடிதம் அப்படி எழுது. இது ஆனி மாதம். சைக்கிள் வந்து சேர்ந்தது, தம்பி மாப்பிள்ளை வேட்டியோடு அதில் ஏறிப் பெண்வீட்டுக்குப் போனான் என்று எழுது. தெரு முழுக்க என்ன கதைத்தது, புனிதவதி என்ன சொன்னாள், எல்லாம் எழுது. அதோடு நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் அண்ணன்,
மாமாங்கம்


கல்லடி
19 ஜூலை 1987

அண்ணனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மச்சாளோடு கதையுங்கள். அவ உங்களை இழக்கப் பயந்தா, அவ்வளவுதான். என்னைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்வேன். ஆட்டைத் திவசம் ஆவணியில் வருகிறது. அங்கே ஐயரைப் பிடித்து நீங்கள் செய்யுங்கள், அதே நாளில் நாங்கள் இங்கே படைக்கிறோம். புனிதவதி வந்திருந்தாள். அவளுக்கு வேறிடத்தில் பேசுகிறார்கள். சைக்கிளின் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நீங்கள் கேட்ட கடிதத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவன் வேட்டியைக் கட்டினான் என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை, அண்ணன்.

பொய் எழுதினாய் என்கிறீர்கள். முதல் கடிதம்தான் பொய். நூல் வைத்து அனுப்பினேனே, அதுதான். பிறகு உங்கள் கடிதம் வந்தது, தம்பி ஏன் எழுதவில்லை என்று கோபித்து, அவனுக்கு என்ன நீளக் கால் என்று சிரித்து. அவன் இருக்கிறான் என்று இந்த உலகத்தில் நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நீங்கள்தான். உங்களுக்கு எழுத உட்காரும்போது எனக்கும் அவன் இருந்தான். படுத்திருக்கிறான் என்று எழுதிவிட்டு, "சத்தம் போடாதீங்க, மாமா நித்திரை" என்று பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். தேத்தண்ணீர் போட்டு ஆறவைத்திருக்கிறேன். இவர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து நூல் கட்டுவித்தார். செத்த வீட்டில் நான் அழவில்லை என்று சனம் இன்னும் கதைக்கிறது. பிறகும் எனக்கு அழ வேண்டிய தேவை இருக்கவில்லை. உங்களுக்கு எழுத இருந்தது.

உங்கள் ஜூன் கடிதம் போன கிழமைதான் வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். செலீன் சொன்ன வசனத்துக்கு வந்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் ஓடி வந்துவிட்டது. யாருக்கு என்ன, யாருக்கு என்ன என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள். இன்னொரு சாவு என்றே பயந்துவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை, அண்ணன். தம்பி செத்துப் போனான் என்றுதான் சொன்னேன்.

உங்கள் தங்கச்சி,
கனகாம்பிகை